கொடுக்கல் வாங்கல் இருந்தால் சண்டை வராதா?

இரண்டு நாடுகளுக்கிடையே கொடுக்கல் வாங்கல் நடந்தால் அவை சண்டைக்குப் போகமாட்டா என்று வியாபாரிகளாகிய நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். நஷ்டத்தை யார்தான் விரும்புவார்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தியா, பாகிஸ்தான் விவகாரத்தைப் புரட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது.

1947இல் பிரிவினை நடந்தபோது சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்தோடு பாகிஸ்தானுக்குப் போனது. சணல் ஆலைகளோ கல்கத்தாவை ஒட்டிய ஹூக்ளி நதிக்கரையில், இந்தியாவில். ஒருவரில்லாமல் மற்றவருக்குப் பிழைப்பில்லை. 1949 செப்டெம்பரில் பிரித்தானியாவைப் பின்பற்றி இந்தியா தனது ரூபாவின் மதிப்பைக் குறைத்தது. பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. 100 பாகிஸ்தான் ரூபாவுக்கு 144 இந்திய ரூபா கொடுக்க வேண்டும் என்றாயிற்று. இந்தியா அதை ஏற்கவில்லை. வர்த்தகம் முடங்கியது.

அதன் பின் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். எதிரியின் தயவில் தொழில் நடத்துவதில்லை என்று இரு தரப்பும் முடிவெடுத்தன. இந்தியா தன் நிலத்தில் சணல் பயிரிடுவதைக் கூட்டியது. பாகிஸ்தான் ஆலை கட்டியது. 1951இல் நாராயண்கஞ்சில் எழுந்த ஆதம்ஜி ஆலை பின்னாளில் உலகின் மிகப் பெரிய சணல் ஆலை என்று பெயரெடுத்தது. (ஆதம்ஜி குடும்பம் மேமன் வர்த்தகக் குடும்பம்.) சேர்த்து வைத்த தேவையே இருவரையும் பிரிந்துபோக வைத்தது. மிச்சமிருந்த வியாபாரம் 1965 போரோடு நின்றது.

பிறகும் முயன்று பார்த்தார்கள். 1996இல் இந்தியா பாகிஸ்தானுக்கு வர்த்தகத்தில் சம அந்தஸ்து கொடுத்தது. 1999இல் கார்கில் சண்டை வந்தது. 2008 ஒக்டோபரில் காஷ்மீரின் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி லொறிகள் ஓடின. 21 வகைப் பொருட்கள். வங்கியும் இல்லை, காசும் இல்லை, வெறும் பண்டமாற்று. முன்பின் பார்க்காத ஆளை நம்பிச் சரக்கு அனுப்பிய அந்த வியாபாரிகளின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

பிரான்ஸும் ஜேர்மனியும் கூட 1914க்கு முன் தாராளமாக வியாபாரம் செய்தவர்கள்தான். அது போரைத் தடுக்கவில்லை. 1951இல் அவ்விரு நாடுகளும் வேறு நான்கு நாடுகளும் நிலக்கரியையும் உருக்கையும் ஒரு பொது அதிகார சபையின் கீழ் விட்டன. எந்த அரசாங்கமும் தனியாகக் கதவைச் சாத்த முடியாது. வித்தியாசம் அதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கொள்ளளவு எவ்வளவு என்பதைவிட, கடைச் சாவி யார் சட்டைப்பையில் என்பதே கேள்வி.

இந்திய பாகிஸ்தான் வர்த்தகத்தில் சாவி இரண்டு அரசாங்கங்களிடமும் இருந்தது. 2019 பெப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பின் இந்தியா 200 சதவீதத் தீர்வை விதித்தது. ஏப்ரலில் அந்தப் பண்டமாற்றும் நின்றது. ஓகஸ்டில் பாகிஸ்தான் தன் பக்கத்தைப் பூட்டியது. சரக்கு துபாயைச் சுற்றி வந்தது. கூலி கூடியது, இலாபம் துபாய்க்காரருக்கு. 2025 மே 2ஆம் திகதி மூன்றாம் நாட்டு வழியையும் இந்தியா தடை செய்தது. ஐந்து நாட்களில் ஏவுகணைகள் பாய்ந்தன.