இருபது செகண்ட் ரவிவர்மா!

செமஸ்டர் லீவு, பவர் கட், நெட்டும் இல்லையா? டோன்ட் வொர்ரி பாஸ்! பழைய ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்புங்க. பார்ட்னரா தங்கச்சியோ பாட்டியோ போதும்.

ஒருத்தர் மனசுல நினைச்சதை வரையணும், இன்னொருத்தர் கண்டுபிடிக்கணும். பேசக் கூடாது, எழுத்து, நம்பர் போடக் கூடாது. 1985-ல் ராப் ஏஞ்சல் என்ற அமெரிக்கர் இதைத்தான் 'பிக்‌ஷனரி' என்று பெட்டியில் போட்டு விற்றார். அதில் 1 நிமிஷம் டைம். 2016-ல் வந்த கூகுளின் 'குயிக், டிரா!'வில் 20 செகண்ட்தான். கண்டுபிடிப்பது கம்ப்யூட்டர். நாமளும் 20 செகண்டே வெச்சுக்கலாம். அந்த அவசரத்துல நல்லா வரையறவனும் கிறுக்குறவனும் ஒண்ணுதான்!

கம்ப்யூட்டர் சும்மா இல்லை. கூகுள் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் 345 தலைப்புகளில் 5 கோடி கிறுக்கல்கள். ஆனா, அதுல பீட்சா உண்டு, இட்லி கிடையாது. சர்ச் உண்டு, கோபுரம் கிடையாது.

இங்கேதான் பாட்டி ஸ்கோர் பண்றாங்க! உத்திரமேரூர் பக்கம் திருமுக்கூடல்ல, மூணு கோடு ஓரிடத்துல சேர்ற மாதிரி போட்டுப் பாருங்க. மெஷின் 'மரம்'னாலும் சொல்லும். பாட்டி ரெண்டே செகண்ட்ல, "பாலாறு, செய்யாறு, வேகவதி... நம்ம ஊருடா!"ம்பாங்க.

'ஆஸ்பத்திரி'ன்னு வந்தா? பெருமாள் கோயிலுக்குள்ளே கட்டில் போடுங்க. அங்கே 15 படுக்கையோட ஆதுலர் சாலை நடந்ததை 11-ம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் கல்வெட்டே சொல்லுது.

தோத்தவங்க டீ போடணும். பாட்டிக்கு மட்டும் விலக்கு!