மெண்டோட்டா ஏரிக்கரையில் இலையுதிர்காலம்

அக்டோபரில் இங்கே வருபவர்கள் எல்லாரும் மேப்பிள் மரங்களைத்தான் படம் பிடிக்கிறார்கள். தெருவோரம் சற்றுக் குனிந்து பாருங்கள். வடிகால் கம்பிகளில் சிக்கிய இலைகளிலிருந்து, மழை பெய்யும்போதெல்லாம் டிகாஷன் இறங்குவதுபோல் பழுப்புச் சாறு கசிகிறது. அதில் பாஸ்பரஸ் இருக்கிறது. ஏரிக்கரையிலுள்ள மேடிசன் நகரின் வடிகால்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையம் எதையும் தொடாமல் ஏரியில்தான் போய்ச் சேர்கின்றன. கோடையில் தண்ணீரை மூடும் நீலப்பச்சைப் பாசிக்கு அந்தப் பாஸ்பரஸே தீனி.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் இந்நகரின் தெருக்களிலேயே இதை அளந்து, 2016-இல் முடிவை வெளியிட்டது. மழைக்கு முன்பே இலையை அள்ளிய பகுதியில், இலையுதிர்கால வடிநீரின் பாஸ்பரஸ் 84 சதவீதம் குறைந்திருந்தது. நியாயமாகச் சொன்னால், ஏரிக்கு வரும் பாஸ்பரஸில் பெரும்பங்கு பண்ணைகளின் சாணத்திலிருந்தும் உரத்திலிருந்தும் வருகிறது. தெரு பெருக்கினால் மட்டும் ஏரி தெளிந்துவிடாது. ஆனால் துடைப்பம் நம் கையில் இருக்கிறது. இலையைத் தெருவில் தள்ளாமல் புல்தரையிலேயே நறுக்கிப் பரப்பலாம், மட்க வைக்கலாம். ஏரிக்குள் மட்டும் தள்ளாதீர்கள்.

பனிக்கட்டி நொறுக்கிவிடும் என்பதால் கரைவாசிகள் இந்தப் பருவத்தில் படகுத்துறைகளைக் கழற்றிக் கரையேற்றுகிறார்கள். துறைகளின் கால்களைத் தடவிப் பார்த்தால் நகம் அளவுள்ள, வரிபோட்ட சிப்பிகள் தட்டுப்படும். 2015-இல் இந்த ஏரியில் கண்டறியப்பட்ட வரிக்குதிரைச் சிப்பி அது. ஓடு கூர்மையானது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சிப்பி பரவாமலிருக்க, படகை வேறு ஏரிக்குக் கொண்டுபோகும் முன், ஒட்டிய செடிகளைப் பிய்த்தெறிந்து உள்ளே தேங்கிய நீரை இங்கேயே வடித்துவிடுங்கள்.