பாட்டி பாட்டுக்கு ஹெவி மெட்டல் கிட்டாரா? இத்திஷ் மொழி முதல் சிங்கப்பூர் 'ருத்ரா' வரை

ஒப்பாரியை ஹெவி மெட்டலில் கேட்டால் எப்படி இருக்கும்? காது கிழிஞ்சிடும்னு நினைக்கிறீங்களா? வேறொரு சமூகம் தன் பழைய பாட்டுகளை வைத்து இதைச் செய்து பார்த்துவிட்டது.

இத்திஷ் என்றால் என்ன?

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய மொழி. அடிப்படை ஜெர்மன், எழுத்து எபிரேயம். இரண்டாம் உலகப் போருக்கு முன் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் பேசினார்கள். நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் இந்த மொழிக்காரர்கள். மொழியோடு சேர்ந்து பாட்டுகளைப் பாடும் வாய்களும் போயின.

இஸ்ரேலின் 'கெவோல்ட்' குழு 2011இல் வெளியிட்ட 'அலெஃப்பேஸ்' ஆல்பத்தில், பழைய இத்திஷ் பாடல்களுக்கு மெட்டல் கிட்டார் சேர்த்தது. இத்திஷைச் சிறுபான்மை மொழியாக அங்கீகரித்த ஸ்வீடனில் 'டிப்புக்கிம்' குழுவும் அதே பாதையில் வந்தது.

அது எப்படிப் பொருந்துது?

இதுதான் சுவாரசியமான இடம். பல யூத மெட்டுகள் 'ஃப்ரைகிஷ்' என்ற சுர வரிசையில் அமைந்தவை. 'ஹாவா நகிலா' கேட்டிருப்பீங்களே, அதே வாசனை. கர்நாடக இசை கற்றவர்களுக்கு ஒரு குறுக்குவழி: முதல் வகுப்பில் சரளி வரிசை பாடிய மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். நிஷாதத்தை மட்டும் அரைச்சுரம் இறக்குங்கள். வகுளாபரணம் வரும். அட, ஃப்ரைகிஷின் சுரங்களும் அவையேதான்!

மெட்டல் கிட்டாரிஸ்டுகளுக்கும் இது பிடித்த வரிசை. 'ச'வுக்கு மிக நெருக்கமாக 'ரி' நிற்பதால் ஒரு இருட்டு, ஒரு பதற்றம் தானாகவே வரும். ஆகவே, பழைய பாட்டு மெட்டலுக்குள் வலுக்கட்டாயமாகத் திணிக்கப்படவில்லை. பாதி வழி ஏற்கெனவே நடந்து வந்திருந்தது.

நம்மவர்கள் யாராவது?

இருக்காங்க. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய 'ருத்ரா' தன் இசையை 'வேதிக் மெட்டல்' என்று அழைக்கிறது. உறுமும் குரல், சரமாரியான டிரம், நடுவே சமஸ்கிருத மந்திரங்கள். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்த 'பிரம்மவித்யா' வரிசை மூன்று ஆல்பங்களும் வேதாந்தத்தைப் பற்றியவை. இந்த இசைக்கும் சிங்கப்பூர்த் தென்னிந்தியர்களின் அடையாளத்துக்கும் உள்ள தொடர்பை யூஜின் தைரியநாதன் ஆய்வு செய்திருக்கிறார்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சமஸ்கிருதம் கோவில் மொழி. மந்திரத்தைக் காக்க ஓதுபவர்கள் இருக்கிறார்கள். இத்திஷ் சமையலறை மொழி. அதற்கு நம்மிடம் நிகரானது பால்மரக் காட்டுப் பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும்தான்.

சுங்கை பாக்காப்பில் இதற்கு என்ன வேலை?

சுற்றிலும் தோட்டங்களாக இருந்த ஊர் இது. மரம் சீவிய தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. தோட்ட லயங்கள் காலியாகி, குடும்பங்கள் டவுனுக்கு வந்தபோது கூட்டமாகப் பாடும் சந்தர்ப்பமும் குறைந்தது. அதே சமயம், சத்தமான இசை நம் இளைஞர்களுக்குப் புதுசில்லை. உறுமி மேளக் குழுவில் வாசிக்கும் பையன்களைக் கேளுங்கள். "சத்தத்தைக் குறைங்கப்பா" என்ற திட்டு அவர்களுக்கும் பழக்கம்தான்!

உங்களிடம் கிட்டார் இருந்தால், அதை எடுப்பதற்கு முன் ஃபோனை எடுங்கள். பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வரி மட்டும் போதாது; எங்கே இழுக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்பதும் வேண்டும். மெட்டு இருப்பது அங்கேதான். ஒப்பாரி என்றால் முதலில் அனுமதி கேளுங்கள், ஏனென்றால் சாவு இல்லாத வீட்டில் அதைப் பாட நிறைய பேர் சம்மதிக்க மாட்டார்கள்.