அதிரும் பெட்டியும் அடங்காத அறையும்

வீட்டிலிருந்தபடியே நல்லிசை கேட்கும் வாய்ப்பு இன்று பலருக்குங் கிட்டியிருக்கிறது. அதனோடு ஒரு குறையும் சேர்ந்தே வந்திருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி, எழுந்த கணத்தே அடங்காமல், "ஊம்" என்று இழுபட்டு, அடுத்த அடியையும் மூடிவிடுகிறது. பெற்றோர் பெட்டியைக் குறை கூறுகின்றனர். பிள்ளைகள் இதனினும் பெரிய பெட்டி வேண்டும் என்கின்றனர். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் மீண்டும் கடைக்குப் போகிறது. பெரிய பெட்டி வந்த பின்னரும் அந்த இழுவை நீங்குவதில்லை. முன்னிலும் பலமாகவே கேட்கிறது. குற்றம் பெரும்பாலும் பெட்டியில் இல்லை. அது வைக்கப்பட்ட அறையில் இருக்கிறது. இதனை அறிந்தோர் வீண் செலவினின்றும் தப்புவர்.

'பேஸ்' என வழங்கும் கீழ்ச்சுருதி ஒலியை மாத்திரம் எழுப்புவதற்கென அமைந்த ஒலிபெருக்கியே சப்வூபர். மனிதச் செவிக்கு எட்டும் ஒலியின் கீழெல்லை செக்கனுக்கு ஏறத்தாழ 20 அதிர்வு. பியானோவின் மிகத் தாழ்ந்த சுரம் 27.5 அதிர்வுடையது. சிறிய ஒலிபெருக்கிகளுக்கு இத்தகைய ஒலிகளை எழுப்பும் வலிமை இல்லை. ஆதலின் ஏறக்குறைய 80 அதிர்வுக்குக் கீழ்ப்பட்டவற்றைச் சப்வூபரிடம் ஒப்படைப்பது வழக்கம். அந்த எல்லைக்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்பதைச் செவி எளிதில் அறியாது. எனவே பெட்டியை அறையின் எப்பக்கத்திலும் வைக்கும் உரிமை நமக்குக் கிடைக்கிறது.

"விரைவான பேஸ்" என்று கடைகளிற் கூறுவர். செக்கனுக்கு 40 முறை அதிரும் ஒலியில் ஓர் அதிர்வு நிறைவுறச் செக்கனின் நாற்பதில் ஒரு பங்கு செல்லும். இதனை எந்தப் பெட்டியாலும் விரைவுபடுத்த இயலாது. அடியின் கூர்மை உயர்ந்த அதிர்வுகளால் ஆவது. அது பிரதான ஒலிபெருக்கிகளிலிருந்தே வருகிறது. நாம் மந்தம் என்று உணர்வது, பெரும்பாலும், ஒலி அடங்கத் தாமதிப்பதையே.

ஏன் தாமதிக்கிறது? உயர்தர வகுப்பிற் பௌதிகம் கற்கும் மாணவர் இதனை எளிதிற் கணித்தறியலாம். நமது வெப்பமான காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 348 மீற்றர் செல்லும். 5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் உள்ள கூடம் ஒன்றைக் கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அரை அலை பொருந்தும்போது நின்ற அலை உண்டாகும். நீளவாட்டில் அதன் மீடிறன் 348ஐப் 10ஆல் வகுக்க வரும் 35 அளவாகும், அகலவாட்டில் 43.5, உயரவாட்டில் 58. பாட்டில் இச்சுரங்கள் வரும்போதெல்லாம் அறையும் சேர்ந்து பாடுகிறது. பெட்டி நின்ற பின்னரும் அறை நிற்பதில்லை. கல்லும் சீமெந்துமான சுவர்கள் இவ்வொலியை மிகக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. திரைச்சீலையாலும் பயனில்லை, 50 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீற்றர் அன்றோ!

இந்நின்ற அலைகளின் அமுக்கம் சுவரருகே மிகுந்தும், நீளவாட்டு முதல் அலையைப் பொறுத்தவரை அறையின் நடுவே அற்றும் இருக்கும். ஆகவே கூடத்தின் நடுவில் அமர்ந்தவருக்கு அந்தச் சுரம் மறைகிறது. பின்சுவரோடு சாய்ந்தவருக்கு அதுவே இரைச்சலாகிறது. பெட்டியை மூலையில் வைத்தால் ஒலி மிகப் பலமாகும். ஆனால் எல்லா நின்ற அலைகளும் ஒருங்கே கிளர்ந்தெழும். பலத்தை நாடி மூலையைத் தெரிவோர் தெளிவை இழப்பது இதனாலேயே.

நல்ல இடத்தைக் காண எளிய வழி ஒன்றுண்டு. நாம் அமரும் நாற்காலியிற் சப்வூபரை ஏற்றி வைத்து, கீழ்ச்சுரங்கள் ஏறியிறங்கும் இசையொன்றை ஒலிக்க விடுக. பின்னர் சுவரோரமாகத் தவழ்ந்து, செவியைத் தாழ்த்திக் கேட்டுச் செல்க. எவ்விடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய ஒரே அளவினவாய்க் கேட்கின்றனவோ, அவ்விடமே பெட்டிக்கு உரியது. ஒலி பிறக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றினாலும் விளைவு மாறாது என்னும் விதியே இதற்கு ஆதாரம். 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸும் றேலி பிரபுவும் ஆராய்ந்த விதி இது. தவழ்வதைக் கண்டு வீட்டார் நகைக்கலாம். செலவோ ஒரு சதமும் இல்லை.

வாங்கும்போது, ஒரு பெரிய பெட்டியிலும் இரண்டு சிறியவை மேலாகலாம் என்பதை நினைவிற் கொள்க. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே ஒவ்வொன்றாக வைத்தால், ஒன்று கிளப்பும் நின்ற அலைகள் சிலவற்றை மற்றது தணிக்கும். ரொட் வெல்ரி என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையின் பயனைக் காட்டிற்று.

பெட்டிகளில் முற்றாக மூடியவை, குழல்வாய் உடையவை என இருவகையுண்டு. மூடிய பெட்டியினுள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தும் முறையை எட்கர் வில்ச்சர் 1954இல் சந்தைக்குக் கொணர்ந்தார். இவ்வகையில் ஒலி தாழத் தாழ மெல்லக் குறையும். அக்குறையைச் சிறிய அறையின் சுவர்களே ஓரளவு ஈடுசெய்யும். குழல்வாய்ப் பெட்டி கூடுதலாக முழங்கும். எனினும் ஓர் எல்லைக்குக் கீழே சட்டென விழும், அவ்வெல்லையருகே ஒலி அடங்கவுஞ் சற்றுத் தாமதிக்கும். சிறிய கூடத்தில் இசை கேட்போருக்கு மூடிய பெட்டியே ஏற்றது.

இறுதியாக, அவத்தையை மாற்றும் ஆளியை இருநிலையிலும் வைத்துப் பார்த்து, பிரதான ஒலிபெருக்கிகளோடு நிறைவாக இணையும் நிலையைத் தெரிக. பின்னர் ஒலியளவைக் குறைத்துக்கொண்டே வருக. சப்வூபர் ஒலிக்கிறதென்பது தெரியாமலும், அதனை நிறுத்தினாற் குறை தெரியும்படியும் அமைந்த அளவே சரியான அளவு. கீழ்ச்சுருதி ஒலி சுவரையுங் கடந்து செல்வது. அடுத்த வீட்டிற் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், நோயுற்ற முதியவரும் இருக்கக்கூடும். தெளிவான இசைக்குக் குறைந்த ஒலியே போதுமாதலின், நம் செவிக்கு நன்மையானதே அயலவருக்கும் நன்மையாகிறது.