உடலோடு வரும் அளவி

வடசென்னையின் எர்ணாவூர்வாசி ஒருவர் ஒரு நாளில் சுவாசிக்கும் காற்றை, மணலியில் நிலையாக நிறுவப்பட்டுள்ள கண்காணிப்புக் கருவி முழுமையாகச் சொல்லிவிட முடியாது. கண்டெய்னர் லாரிகள் அணிவகுக்கும் சாலையோரத்திலும் அடுப்படியிலும் கழியும் நேரம் ஆளுக்கு ஆள் மாறுவதால், அளவி மனிதரோடு நடக்க வேண்டியிருக்கிறது.

அத்தகைய முயற்சி தமிழகத்துக்குப் புதிதன்று. எரிவாயு அடுப்பின் பயனை அறிய இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த 'ஹாப்பின்' ஆய்வின் இந்தியப் பகுதியை, போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும் மேற்கொண்டது. பெண்கள் 24 மணி நேரம் அணிந்த கருவி, 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்களை அளந்ததோடு, அசைவை உணரும் முடுக்கமானியைக் கொண்டு, அது உடலில் இருந்ததா, கழற்றி வைக்கப்பட்டதா என்பதையும் பதிந்தது. குழந்தைகளுக்கோ புளூடூத் சமிக்ஞை அனுப்பும் சிறு வில்லை அணிவிக்கப்பட, வீட்டில் பொருத்திய வாங்கிகள் அக்குழந்தை எங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்று குறித்துக்கொண்டன. தாயின் நினைவைக் கேட்டறிவதைவிட இது நம்பகமான வழி.

முடுக்கமானி அசையாதபோதும் புவியீர்ப்பின் திசையை உணர்வதால் படுத்திருப்பதையும் நிமிர்ந்திருப்பதையும் பிரித்தறிய உதவுகிறது. நடையோ சீரான அலையாகப் பதிகிறது. இப்பதிவைச் சில விநாடித் துண்டுகளாக்கி, செயலின் பெயர் குறிக்கப்பட்ட மாதிரிகளைக் காட்டிப் பயிற்றினால், கணினி புதிய துண்டுகளையும் இனங்காணப் பழகுகிறது. ஆனால், ஒருவர் எப்போது உறங்குகிறார், எப்போது வீட்டில் இல்லை என்பதெல்லாம் இத்தகைய பதிவுகளில் வெளிப்படுவதால், அணிபவரின் தெளிவான ஒப்புதலின்றி ஒரு நாள் பதிவைக்கூட எடுக்கக் கூடாது.