வெனீர் ஒட்டிய பழைய ஒப்பனை மேசை: வாங்குவோரின் உரிமைகளும் காத்திருக்கும் ஆபத்துகளும்

வட அமெரிக்காவின் பிரித்தானியக் குடியேற்றங்களில், ஏறத்தாழ 1690க்கும் 1730க்கும் இடைப்பட்ட காலத்தில், பாஸ்டன் முதலிய துறைமுக நகரங்களின் தச்சர்கள் செய்த ஒப்பனை மேசைகள் ‘வில்லியம் அண்ட் மேரி’ பாணியைச் சேர்ந்தவை. கடைசல் பிடித்த நான்கு கால்கள், அவற்றைத் தரையருகே குறுக்காகப் பிணைக்கும் சட்டங்கள், நடுவில் ஆழம் குறைந்த ஒன்றும் இருபுறமும் ஆழமான இரண்டுமாக அமைந்த இழுப்பறைகள் ஆகியவை இம்மேசைகளின் பொதுவான அடையாளங்கள். உடற்பகுதியை மலிவான பைன் மரத்தால் செய்து, வால்நட் அல்லது மேப்பிள் மரத்தின் கழலைப் பகுதியிலிருந்து அறுத்த மெல்லிய தகடுகளை, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப்பசையால் அதன்மேல் ஒட்டினர். வெனீர் எனப்படுவது இத்தகடே. மேசையின் அழகும் விலையும் பெரிதும் இத்தகட்டைச் சார்ந்திருப்பதாலும், அடியிலுள்ள உண்மையை அதே தகடு மறைப்பதாலும், வாங்குவோர் தம் சட்ட உரிமைகளை அறிந்த பின்னரே பணம் கொடுப்பது நல்லது.

ஏமாற்றம் நிகழும் வழிகள்

முழுப் போலியைவிடப் பாதி உண்மையே இச்சந்தையில் மிகுதியாகக் காணப்படுகிறது. ஒரு மேசையின் மேற்பகுதியை வேறொன்றின் கால்களோடு பொருத்துவதும், உதிர்ந்த வெனீருக்குப் பதிலாகப் புதியதை ஒட்டிப் பழையதுபோல் நிறமேற்றுவதும், அதே காலத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட மேசையை அமெரிக்கப் படைப்பாக விற்பதும் அவ்வகையைச் சேர்ந்தவை. தேர்ந்த வல்லுநர்களும் ஏமாறக்கூடும் என்பதற்கு, 17ஆம் நூற்றாண்டுக்குரியது எனக் கருதி ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 1970இல் 9,000 டாலருக்கு வாங்கிய ‘புரூஸ்டர்’ நாற்காலியே சான்று. அது ரோட் ஐலண்டைச் சேர்ந்த சிற்பி அர்மண்ட் லாமொன்டாக்னே தம் காலத்தில் செய்தது என்பது 1977இல் வெளியாயிற்று. கூர்ந்த கண்ணுடையோருக்கே இந்நிலை என்றால், பொது வாங்குநர் விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்பது தெளிவு.

சோதிக்க வேண்டியவை

மேசையின் முகப்பைவிட அதன் உட்புறமே வயதை நேர்மையாகச் சொல்லும். இழுப்பறைகளை முழுவதுமாக வெளியே எடுத்து, அடிப்பலகையிலும் பின்பலகையிலும் உள்ள கருவித் தடங்களைப் பார்க்க வேண்டும். கையால் இழைத்த பலகையில் இழைப்புளியின் மெல்லிய அலைகள் தெரியும், வட்ட ரம்பத்தால் அறுத்த பலகையிலோ வளைந்த கீறல்கள் காணப்படும். வட்ட ரம்பம் அமெரிக்க மரஆலைகளில் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான் என்பதால், அக்கீறல்கள் அப்பலகையாவது பிற்காலத்தது என்பதை உணர்த்தும். கையால் அறுத்த வெனீர் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதாகவும் சீரற்ற தடிப்புடையதாகவும் இருக்க, இயந்திரத்தில் சீவிய இன்றைய வெனீர் அதைவிட மெல்லியதாகவும் ஒரே சீராகவும் இருக்கும். மரம் வளர்ச்சி வளையங்களின் போக்கில், அவற்றுக்குக் குறுக்கே உள்ள திசையைவிட மிகுதியாகச் சுருங்குவதால், மூன்று நூற்றாண்டு கடந்த கடைசல் கால்களின் விட்டம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இராது. உட்புற மரத்துண்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்து மரவகையைக் கண்டறிவது மேசையின் பிறப்பிடத்தை அறிய உதவும். வட அமெரிக்காவின் வெள்ளைப் பைன் நியூ இங்கிலாந்தையும், ஐரோப்பியப் பைன் பெரும்பாலும் இங்கிலாந்தையும் சுட்டும். பழுதுபார்ப்பில் பிற்காலப் பலகை சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு என்பதால், தனியொரு அறிகுறியை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

லூசியானா நீங்கலாக அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் ஏற்றுள்ள ஒருசீர் வணிகச் சட்டத் தொகுப்பின் 2ஆம் பகுதிப்படி, பொருளைப் பற்றி விற்பவர் தரும் விவரிப்பு பேரத்தின் அடிப்படையாக அமையுமானால் அது வெளிப்படை உத்தரவாதமாகும். ‘பாஸ்டன், சுமார் 1710, அசல் வெனீர்’ என விற்பனைச் சீட்டில் எழுதுபவர் அச்சொற்களுக்குக் கட்டுப்பட்டவர். ‘மிக அருமையான மேசை’ என்பது வெறும் புகழ்ச்சியாகவே கொள்ளப்படும். ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி விற்றால் சட்டம் தானாக வழங்கும் மறைமுக உத்தரவாதங்கள் பொதுவாக நீங்கிவிடும். ஏலப் பட்டியலில் ‘வில்லியம் அண்ட் மேரி’ என்பதும் ‘வில்லியம் அண்ட் மேரி பாணியில்’ என்பதும் ஒன்றல்ல. பின்னது பொதுவாகப் பிற்காலப் படியையே குறிக்கும். ஏல நிறுவனத்தின் உத்தரவாதம் எந்தச் சொற்களுக்கு, எத்தனை ஆண்டுகளுக்குப் பொருந்தும் என்பது அதன் விற்பனை நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கும் என்பதால், ஏலம் கேட்பதற்கு முன்பே அவற்றைப் படிக்க வேண்டும்.

ஏமாற்றப்பட்டவர் செய்ய வேண்டியவை

குறை தெரிந்தவுடன், நியாயமான காலத்துக்குள் விற்பவருக்கு அறிவிப்பது கட்டாயம், அதை எழுத்து மூலம் செய்வது நல்லது. அறிவிக்கத் தவறினால் நிவாரணம் கோரும் உரிமையே அற்றுப்போகலாம். சாதாரணச் சோதனையில் தெரியாத பெருங்குறை பின்னர் வெளிப்பட்டால், ஏற்றுக்கொண்ட பொருளையும் மறுத்துத் திருப்பித் தரச் சட்டம் வழிவிடுகிறது. பொருளை வைத்துக்கொள்பவர், உத்தரவாதப்படி இருந்திருக்க வேண்டிய மதிப்புக்கும் உள்ள மதிப்புக்கும் இடையிலான வேறுபாட்டைக் கோரலாம். வழக்குக்கான காலவரம்பு பொதுவாக, குறை தெரிந்த நாளிலிருந்து அல்லாமல் பொருள் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 4 ஆண்டுகள் ஆகும். சிறுதொகையாயின் சிறுவழக்கு நீதிமன்றத்தை அணுகலாம். திட்டமிட்ட மோசடியாயின் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியின் நுகர்வோர் பிரிவில் புகார் செய்யலாம். மேசை களவு போனதாக இருந்தால், உரியவரிடமே அது திரும்பச் செல்லும் என்பதும், வாங்கியவர் தமக்கு விற்றவரிடம் இழப்பீடு கோரலாம் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கவை.

பராமரிப்பில் வரும் இழப்பு

உண்மையான மேசையும் தவறான கையில் கெடும். குளிர்கால வெப்பமூட்டியால் அறை வறண்டு அடிப்பலகை சுருங்கும்போது வெனீர் எழும்பி உதிர்கிறது. ஈரப்பதத்தை 40 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையாக வைத்தால் இது பெருமளவு குறையும். உதிர்ந்த துண்டுகளைத் தனியே பொதிந்து பாதுகாக்க வேண்டும். அவற்றை வீட்டிலுள்ள செயற்கைப் பசையால் ஒட்டக் கூடாது. வச்சிரப்பசையை ஈரமும் வெப்பமும் கொண்டு மீண்டும் இளக்கலாம், செயற்கைப் பசையையோ மரத்துக்குச் சேதமின்றி அகற்றுவது கடினம். பழைய மெருகைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவது வரலாற்றுச் சான்றையும் சந்தை மதிப்பையும் ஒருசேர அழித்துவிடும் என்பதால், அமெரிக்கப் பேணுநர் கழகத்தின் பட்டியலில் உள்ள மரப்பொருள் பேணுநரிடம் முதலில் ஆலோசனை பெற வேண்டும்.

காலம், ஊர், மரம், மாற்றப்பட்ட பகுதிகள் ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை. அவ்வாறு எழுதித்தர மறுக்கும் விற்பனையாளரிடமிருந்து, மேசை எவ்வளவு அழகாக இருந்தாலும், விலகிச் செல்வதே அறிவுடைமை.