அடைமழைக் காலமும் அண்டை வீட்டார் கடமையும்



பனி பொழியும் நாடுகளில் வாழ்வோர், குளிர்காலம் வருமுன்னரே விறகும் உணவும் சேர்த்து வைப்பர் என்று பாடநூல்களில் படிக்கின்றோம். நம் மலேசியத் திருநாட்டில் பனிப்பொழிவு இல்லை. ஆயினும், கேமரன் மலையில் வாழும் நமக்கும் ஒரு கடுங்காலம் உண்டு. குளிரும் மழையும் ஒன்றாக வந்து கதவைத் தட்டும் காலம் அது. அக்காலத்தில் ஒரு வீட்டுக்கு மற்றொரு வீடு எங்ஙனம் துணையாகின்றது, இனி எங்ஙனம் துணையாக வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் மலையின் குளிரும் மழையும்

கடல் மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்ல வெப்பம் குறையும். ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்திற்கு 0.6 பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. தானா ராத்தா நகரம் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே, கீழே சமவெளியில் 27 பாகை வெப்பம் இருக்கும்போது இங்கே 18 பாகை அளவே இருக்கும். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று நம் மலையில் 7.8 பாகை பதிவாயிற்று. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுவேயாகும்.

மழையோ, ஆண்டில் இருமுறை மிகுகின்றது. ஏப்ரல், மே திங்கள்களில் ஒருமுறையும், அக்டோபர், நவம்பர் திங்கள்களில் அதனினும் மிகுதியாக மறுமுறையும் பெய்கின்றது. அதனைத் தொடர்ந்து வரும் மார்கழி, தைத் திங்கள் இரவுகள் குளிர் மிக்கவை.

குளிர் தனியே வந்தால் கம்பளியால் அதனை வெல்லலாம். ஈரத்தோடு சேர்ந்து வந்தால் வெல்லுதல் அரிது. காற்றைவிட நீர் பன்மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். நனைந்த சட்டையோடு மலைச்சரிவில் கொழுந்து எடுத்துவிட்டு வீடு திரும்பும் தாயின் விரல்கள் விறைத்துப் போவதற்குக் காரணம் இதுவே. வீட்டிலோ உலர்ந்த துணி இருப்பதில்லை. மூன்று நாள் தொங்கவிட்டாலும் கால்சட்டை காய்வதில்லை. முதியோருக்கு மூட்டு வலியும், பச்சிளங்குழந்தைகளுக்குச் சளியும், இழுப்பு நோயாளிகளுக்கு மூச்சுத் திணறலும் வரும் காலம் இது.

சாலை அறுபடும்போது

தாப்பாவிலிருந்து மலையேறி வரும் சாலை 1930களின் தொடக்கத்தில் தானா ராத்தாவை எட்டியது. அதற்குச் சற்று முன், 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது போ தேயிலைத் தோட்டம். அன்றுதொட்டு இன்றுவரை நம் வாழ்க்கை சாலையைச் சார்ந்தே இருக்கின்றது. அரிசியும் மருந்தும் சாலை வழியேதான் வருகின்றன. நோயாளியும் சாலை வழியேதான் தானா ராத்தா மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நம் மலையின் பாறை பெரும்பாலும் கருங்கல் வகையைச் சேர்ந்தது. அது நெடுங்காலமாக வெயிலாலும் மழையாலும் சிதைந்து, ஆழ்ந்த மண் போர்வையாகக் கிடக்கின்றது. அடைமழை பெய்யும்போது அம்மண் நீரை உறிஞ்சிக் கனத்து, தன் பிடியை இழந்து கீழே வழுக்குகின்றது. காட்டை அழித்த சரிவுகளிலும், வடிகால் அடைபட்ட இடங்களிலும் இது விரைவில் நிகழும். ஓர் இரவில் ஒரு சரிவு விழுந்தால் போதும், ஊரும் தோட்டமும் இரண்டாகிவிடும்.

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், கனமழையால் நிரம்பிய சுல்தான் அபூபக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. ரிங்லெட்டை அடுத்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து வீடுகளைச் சிதைத்தது. உயிர்களையும் கொண்டு சென்றது. மறு ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் அதே வட்டாரத்தில் வெள்ளமும் மண்சரிவும் மீண்டும் நேர்ந்தன. உறங்கும் நேரத்தில் வரும் இத்தகைய இடரில், தீயணைப்புப் படையினர் எத்துணை விரைந்து வந்தாலும், அவர்களுக்கு முன்னே அங்கிருப்பவர் அடுத்த வீட்டுக்காரரே.

பெட்டிமுடியும் மீரியபெத்தையும் கற்பிக்கும் பாடம்

நம்மைப் போலவே தேயிலை மலைகளில், நம்மைப் போலவே லயங்களில் வாழும் தமிழர்கள் பிற நாடுகளிலும் உளர். அவர்களுக்கு நேர்ந்தவற்றை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றை அடுத்த ராஜமலைப் பகுதியில் பெட்டிமுடி என்னும் இடம் உள்ளது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு அங்கிருந்த தொழிலாளர் லயங்களின்மீது மலை சரிந்தது. எழுபது உயிர்கள் மாண்டன. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப் போயிருந்தமையால், வெளியுலகம் செய்தி அறிய மறுநாள் காலையாயிற்று. வழியிலிருந்த பெரியவாரைப் பாலமும் மழையில் சேதமுற்றிருந்ததால் மீட்புப் படையினர் சென்று சேர்வதும் தாமதமாயிற்று.

இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டம் உள்ளது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில் அத்தோட்டத்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. பள்ளிக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். ஆயினும், அவர்களுள் சிலர் மாலையில் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் ஆய்வு நிலையத்தார் எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை இருந்தது, இடமாற்றம் நிகழவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளும் இரண்டு உண்மைகளைக் கற்பிக்கின்றன. முதலாவது, மலையில் உதவி தொலைவிலிருந்து வருவதற்கு நேரமாகும். முதற்கை அருகிலிருந்தே நீள வேண்டும். இரண்டாவது, இடர் வந்தபின் ஓடுவதைக் காட்டிலும், வருமுன் கூடிப் பேசி ஏற்பாடு செய்தலே சிறந்த உதவி.

ஒப்புரவு என்னும் பண்பு

திருக்குறளில் ஈகை என ஓர் அதிகாரம் உண்டு. அதற்கு முன்னால் ஒப்புரவறிதல் என மற்றோர் அதிகாரமும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. இல்லாதவருக்கு உள்ளவர் கொடுப்பது ஈகை. ஊரில் உடன் வாழ்வோர், தமக்குள் உயர்வு தாழ்வு பாராமல், ஒருவர் தேவையை ஒருவர் அறிந்து நடந்துகொள்வது ஒப்புரவு. லயத்து வாழ்க்கையில் நாம் காண்பது இந்த ஒப்புரவையே.

லயத்தில் இரு வீட்டுக்கு நடுவே ஒரு சுவரே உள்ளது. இந்தப் பக்கத்து இருமல் அந்தப் பக்கத்தில் கேட்கும். குழந்தை இரவெல்லாம் அழுதால், விடியுமுன் அடுத்த வீட்டுப் பாட்டி ஓமமும் வெற்றிலையுமாக வந்து நிற்பார். விறகு நனைந்துவிட்ட வீட்டுக்கு, அடுப்பு எரியும் வீட்டிலிருந்து ஒரு தணல் போகும், கஞ்சியும் போகும். வேலைக்குச் சென்ற தாய் மழையில் சிக்கிக்கொண்டால், பள்ளி விட்டு வரும் பிள்ளையின் தலையைத் துவட்டிவிட ஓர் அத்தையோ பெரியம்மாவோ இருப்பார். இரத்த உறவு இல்லாவிடினும் நாம் அவர்களை அவ்வாறே அழைக்கின்றோம். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை; சோறு அக்கம்பக்கத்திலிருந்தே வரும். வழுக்கும் பாதையில் பாடையைச் சுமக்கும் தோள்களும் அக்கம்பக்கத்துத் தோள்களே.

மலாய் மக்கள் இதனைக் கோத்தோங் ரோயோங் என்பர். நம் அரசாங்கமும் 1975ஆம் ஆண்டில் ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டை அயலார் இயக்கத்தைத் தொடங்கியது. பெயர்கள் வேறாயினும் கருத்து ஒன்றே. தனிமரம் தோப்பாகாது.

இன்றைய அண்டை வீட்டார் யார்?

முன்னாளில் லயம் முழுவதும் தமிழ்க் குடும்பங்களே இருந்தன. இன்று பலர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். பல வீடுகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கியுள்ளனர். அவர்கள் மொழி நமக்குத் தெரியாது. நம் மொழி அவர்களுக்குத் தெரியாது. அதனால் அந்தக் கதவைத் தட்டாமலே கடந்து செல்லும் வழக்கம் நம்மிடையே வந்துவிட்டது.

2024ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அதிகாலையில், கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலிப் பகுதியில் மண் சரிந்து ஐவர் மாண்டனர். ஐவரும் மியன்மார் நாட்டவர். வீட்டாரை விட்டு நெடுந்தொலைவு பிழைக்க வந்தவர்கள். நம் முன்னோரும் அங்ஙனமே கடல் கடந்து வந்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. சுவருக்கு அப்பால் இருப்பவர் எம்மொழி பேசினும் அவரே நம் அண்டை வீட்டார். இம்மலையின் மூத்த குடிகளாகிய செமாய் மக்களும் நம் அண்டையரே.

நாம் செய்யத்தக்கவை

1. அக்டோபர் வருமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் லயத்தார் அனைவரும் கூடி, வீட்டுக்குப் பின்னுள்ள வடிகால்களைத் துப்புரவு செய்க. ஒரு வீட்டார் போட்ட குப்பை பத்து வீட்டுக்கு வெள்ளத்தைக் கொணரும்.

2. தனித்து வாழும் முதியோர், கருவுற்ற பெண்கள், கைக்குழந்தைகள், இழுப்பு நோயாளிகள் ஆகியோர் எந்தெந்த வீட்டில் உளர் என்று ஒரு பட்டியல் எழுதுக. ஒவ்வொருவரையும் அழைத்துவரும் பொறுப்பை ஒரு வீட்டாரிடம் ஒப்படைக்க. எல்லாரும் பார்த்துக்கொள்வர் என்று விட்டுவிட்டால் ஒருவரும் பார்க்கமாட்டார்.

3. ஓர் அடையாள ஒலியை முடிவு செய்க. மணியோ, ஊதலோ, தட்டில் அடிக்கும் ஓசையோ எதுவாயினும் சரி. தொலைபேசி இயங்காத இரவிலும் அது இயங்கும். அவ்வொலி கேட்டதும் எங்கே கூடுவது என்பதையும் முன்னரே வரையறுக்க. மொழி தெரியாதவருக்கு அவ்விடத்தை நேரில் அழைத்துச் சென்று காட்டுக.

4. மலை முன்கூட்டியே சில குறிகளைக் காட்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரமும் கம்பமும், திடீரென இறுகிப்போகும் கதவு, சரிவிலிருந்து புதிதாகக் கசியும் கலங்கல் நீர், ஓடையின் நீர் திடீரெனக் குறைதல், மண்ணுக்குள்ளிருந்து எழும் உறுமல் ஆகியவை அக்குறிகள். இவற்றைக் கண்டவர் தம் வீட்டாரை மட்டும் எழுப்பாமல் அனைவரையும் எழுப்புக. உடனே வெளியேறி 999 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க. பொருள் எடுக்கத் திரும்பிச் செல்லாதிருக்க.

5. குளிருக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு, உள்ளே கரியடுப்பு வைத்து உறங்குதல் கூடவே கூடாது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று எழும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உயிர்க்காற்றுக்குரிய இடத்தை அது பற்றிக்கொண்டு, உறக்கத்திலேயே உயிரை வாங்கிவிடும். அடுத்த வீட்டார் இதனை அறியாரேல் அறிவியுங்கள். அதுவும் உயிர் காக்கும் உதவியே.

6. அரிசி, உப்பு, தீப்பெட்டி, கைவிளக்கு, வழக்கமாக உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை ஒரு வாரத்திற்கேனும் இருப்பில் வைக்க. சில வீட்டாருக்கு இஃது இயலாது. அவர்களையும் கணக்கில் கொண்டு, லயத்தார் ஆளுக்கொரு பிடி அரிசி சேர்த்துப் பொதுவில் வைக்கலாம். சிறு துளி பெரு வெள்ளம்.

மாணவர்களுக்கும் பங்குண்டு. பள்ளியில் மலாய் மொழி கற்கும் நீங்கள், புதிதாக வந்த தொழிலாளருக்கும் உங்கள் பாட்டிக்கும் இடையே பேச்சைக் கொண்டு செல்லும் பாலமாகலாம். மழை நாளில் சிறிய பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வரலாம். நாள்தோறும் பள்ளிக்குப் போகும் வழியில் கதவு திறவாத வீடு ஏதேனும் உண்டா என்று பார்த்துச் சொல்லலாம்.

கூடி முறையிடுதலும் உதவியே

இறுதியாக ஒன்று. அண்டை வீட்டார் அன்பு எத்துணைப் பெரிதாயினும், சரியும் மலையை அது தாங்கி நிறுத்தாது. பாதுகாப்பான வீட்டைத் தருவது நிருவாகத்தின் கடமை; சரிவுகளைக் கண்காணிப்பது அரசின் கடமை. நம் நாட்டில் தொழிலாளர் வீட்டு வசதிகளின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் சட்டம் 1990ஆம் ஆண்டிலேயே இயற்றப்பெற்றது. லயத்தின் பின்னே மண் வெடித்திருந்தால், ஒருவர் சென்று சொல்வதைக் காட்டிலும் எல்லா வீட்டாரும் கையொப்பமிட்டு எழுத்தில் கொடுத்தல் வலிமை உடையது. பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருத்தலும் வேண்டும். மீரியபெத்தையில் எச்சரிக்கை ஏட்டிலேயே நின்றுவிட்டது. இங்கே அங்ஙனம் நின்றுவிடாமல் காப்பதும் நாம் ஒருவருக்கொருவர் செய்யும் ஒப்புரவே.

அடுத்த மழைக்காலம் நெடுந்தொலைவில் இல்லை. இவ்விதழைப் படித்து முடித்ததும், உங்கள் சுவருக்கு அப்பால் வாழ்பவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று எண்ணிப் பாருங்கள். தெரியாவிடில், இன்றே சென்று கேட்டு வாருங்கள்.